துண்டு கட்டிவிட்டுக் கொண்டுபோன டிரெய்லர்

சுந்தரபாண்டியபுரம்,
ஆடி 20.

அன்பு மகள் முத்துசெல்விக்கு உன் சித்தப்பா குத்தாலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி முப்பிடாதியும் உன் தம்பி இசக்கிமணியும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம், டிராக்டருக்கு மட்டும் நடுவில் நெஞ்சுச்சளி கட்டி இப்போது தேறிவிட்டது. மனிதரைவிட ஆடு அதிகமாக வாழ்கிற அந்த நியூசிலாந்து தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருக்கக் குற்றாலநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சாரல் இந்த வருசம் ஜோராக இருக்கிறது, துணி காய்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, காதில் காளான் முளைக்காததுதான் பாக்கி. போனில் பேசாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் நீ நடுவில் புகுந்து ஏழு கேள்வி கேட்பாய், காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. அதோடு இசக்கிமணி உனக்குப் பாதிக் கதையைச் சொல்லியிருப்பான். மீதிப் பாதி என்னிடம்தான் இருக்கிறது, அதில் உனக்குச் சேர வேண்டிய ஒன்றும் இருக்கிறது, அதனால் கடைசி வரைக்கும் வாசி.

நீ சீமையிலிருந்து அனுப்பிய டிரெய்லர் பூட்டு வந்து சேர்ந்தது. அதன் எடைக்குத் தபால்காரர் ஒரு சோடா குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் மகளே, உங்கள் ஊரில் காருக்குப் பின்னால் குண்டு மாதிரி ஒன்றில் மாட்டி இழுக்கிறார்கள், அந்தப் பூட்டு அந்தக் குண்டுக்கு உரியது, நம் டிரெய்லருக்கு மூக்கில் ஒரு வளையம், அதில் ஒரு கம்பி, அவ்வளவுதான். கோயில் யானைக்கு மூக்குத்தி வாங்கி அனுப்பினது போல ஆகிவிட்டது. வீணாக்கக் கூடாது என்று அதை அடுக்களை அலமாரித் தாழ்ப்பாளில் மாட்டிப் பூட்டினேன். சாவி எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு டிரெய்லர், அதற்கு வடக்கே இன்னொன்று என்று ஆனியிலேயே களவு போன செய்தி வந்துகொண்டிருந்தது. திருடன் ஒன்றும் மந்திரவாதி இல்லை, டிராக்டர் ஓட்டி வருகிறான், வளையத்தில் கம்பியைச் செருகுகிறான், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொந்தக்காரன் மாதிரி போகிறான். இசக்கிமணிக்கு அது முதல் தூக்கம் இல்லை. ஏனென்றால் செங்கோட்டை தேங்காய் வியாபாரி ஒருவர் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றுகிற வேலையை இந்த வருசம் முழுக்க இவனுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார், முதல் லோடு ஆடிப் பதினெட்டு அன்று, அன்றைக்கு வண்டி நிற்காவிட்டால் வேறு ஆள். அது கிடைக்காவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகக் கூட்டாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். எனக்கு அது தெரியும், உன் சித்திக்குத் தெரியும், உனக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று எங்கள் வாயைக் கட்டியிருந்தான். இந்த நேரம் பார்த்து டிராக்டர் புகை கக்கியது. ஆடி எட்டாம் தேதி அதைத் தென்காசி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனான், நான்கு நாள் ஆகும், கூடவே இருந்து வேலையைப் பார்க்க வேண்டும் என்றான். டிரெய்லர் மட்டும் களத்தில். போகும்போது என்னைப் பார்த்து, சித்தப்பா, நாலே நாலு நாளு, கண்ண மூடாதீரும் என்றான். நான் மீசையைத் தடவி, ஏலே, என் உசுரு இருக்க வரைக்கும் அதுல ஒரு ஈ உக்காருமால என்று சத்தியம் செய்தேன். ஈ உட்காரவில்லை, அது வாஸ்தவம்.

நான் செய்த பாதுகாப்பைக் கேள். தேர் வடத்தைவிடக் கொஞ்சம் மெல்லிய ஒரு சங்கிலி, அதை டிரெய்லர் சக்கரத்தில் ஐந்து சுற்று, களத்து ஓரத்து வேம்பில் ஒன்பது சுற்று, பாம்பு படமெடுத்தது போல ஒரு பூட்டு. அப்புறம்தான் யோசனை வந்தது. நம் தெருவில் டிரெய்லர் கேட்டு வருகிற வழக்கம் இல்லையே, எடுத்துக்கொண்டு போகிற வழக்கம்தானே உண்டு. உனக்கு நினைவிருக்கும், எடுக்கிறவன் தன் துண்டை மோட்டார் ரூம் கதவுத் தாழ்ப்பாளில் கட்டிவிட்டுப் போவான், பச்சைக் கட்டம் என்றால் மசூது, ஓரம் கிழிந்த வெள்ளை என்றால் அருமைநாயகம், யாரும் யாரையும் கேட்க வேண்டாம், வண்டி திரும்பி வந்ததும் துண்டு அவிழும். நாளைக்கே மசூது வந்து பூட்டைப் பார்த்தால் என்ன நினைப்பான்? என்னைத் திருடன் என்று குத்தாலிங்கம் சந்தேகப்படுகிறான் என்று நினைக்க மாட்டானா? நாற்பது வருசப் பழக்கம். ஆகவே பூட்டைப் பூட்டி, சாவியை அதே தாழ்ப்பாளுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். பூட்டுக்கும் மரியாதை, ஊருக்கும் மரியாதை. உலகத்தில் வேறு எந்தப் பாதுகாப்பு அமைச்சனுக்கும் இது தோன்றியிருக்காது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடாமல், ஆனால் இமையை மட்டும் கொஞ்சம் சாத்திவிட்டு எழுந்து போனேன். டிரெய்லர் இல்லை. தாழ்ப்பாளில் ஒரு துண்டு. வெள்ளை வெளேரென்று, புத்தம் புதிதாக, இரண்டு முடிச்சுப் போட்டு. பூட்டைத் திறந்து சங்கிலியை அழகாகச் சுருட்டி வேம்படியில் வைத்து, சாவியைத் திரும்ப ஆணியிலேயே மாட்டியிருந்தான். மகளே, அருமைநாயகம் இத்தனை வருசத்தில் ஒரு நாள் கம்பியை எடுத்த இடத்தில் வைத்ததில்லை. எனக்கு அந்த ஆள் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. மசூதின் மச்சானாக இருக்கும், வெளியூர்ப் பிள்ளை, ஒழுக்கமாக வளர்த்திருக்கிறார்கள் என்று சித்தியிடம் புகழ்ந்தேன். அவள் மட்டும், யாரு துண்டுன்னு தெரியாமலா இருக்கீரு என்று கேட்டாள். நான் சிரித்து, தெரிஞ்சவனுக்குக் குடுக்கது பெரிசா, தெரியாதவனுக்குக் குடுக்கதுதான் பாரிவள்ளல் வேலை என்றேன். அவள் வாய்க்குள் ஏதோ சொன்னாள், அது பாராட்டு இல்லை.

பதினோராம் தேதி அருமைநாயகம் வந்து, ஐந்தருவியில் தண்ணீர் யானைத் தும்பிக்கை மாதிரி விழுகிறது, போவோம் என்றார். அவசரத்தில் துண்டு எடுக்க மறந்தேன். தாழ்ப்பாளில் ஒன்று சும்மாதானே தொங்குகிறது, வண்டி வருவதற்குள் துவைத்துக் கட்டிவிடலாம் என்று அதை அவிழ்த்துத் தோளில் போட்டேன். வண்டி வராமல் துண்டை அவிழ்க்கக் கூடாது என்பது சட்டம், அந்தச் சட்டத்தை முதன்முதலில் மீறியவன் நான்தான் என்று குறித்துக்கொள். அருவியில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று திரும்பப் பூட்டிக்கொள்கிற மாதிரி குளித்துவிட்டு, வருகிற வழியில் ஒரு லாட்ஜ் வாசலில் டீ குடித்தோம். அந்த லாட்ஜில் துணிமணிக்கெல்லாம் பொறுப்பு சமீனா என்று ஒரு பெண்பிள்ளை, நாற்பது வயது இருக்கும், அப்படி ஒரு பார்வையை நான் போலீஸ் நாயிடம்கூடக் கண்டதில்லை. நேராக என்னிடம் வந்து, அண்ணாச்சி, அந்தத் துண்ட இப்படித் தாங்க என்றாள். அவள் துண்டின் மூலையைத் திருப்பிக் காட்டினாள், சிவப்பு நூலில் 14 என்று சின்னதாகத் தைத்திருந்தது. பதினாலாம் நம்பர் ரூம் துண்டு, ரெண்டு நாளா நான் தேடுதேன் என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, அம்மா, நான் சுந்தரபாண்டியபுரம் குத்தாலிங்கம் என்றேன். துண்டு எடுக்கவுகள்லாம் இப்படித்தான் பேரு ஊரோட பெரிய மனுசன் கணக்கா பேசுதாவ என்றாள். அருமைநாயகம் உயிர் நண்பர் அல்லவா, டீ கிளாசோடு நான்கு அடி தள்ளிப் போய், என்னை இதற்கு முன் கண்டிராதவர் போல மேற்கே மலையை ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் பொறுமையாக விளக்கினேன், இது என் டிரெய்லரை எடுத்துப் போனவருடைய துண்டு என்று. யாரு எடுத்தா என்று கேட்டாள். தெரியாது என்றேன். எப்பத் தருவாரு என்றாள். தெரியாது என்றேன். அவள் இடுப்பில் கை வைத்து, ஆக, பேரு தெரியாதவன் உங்க வண்டியக் கொண்டு போயிருக்கான், நீங்க அவன் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு அருவிக்கு வந்திருக்கீங்க, அப்படித்தானே என்றாள். அவள் சொல்லும்போதுதான் மகளே, ஐந்தருவி ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து என் தலையில் இறங்கின. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம் நம் ஊர்ச் சூரியகாந்தித் தோட்டம் பார்க்க வந்த கூட்டத்தில் கேமராவும் நீலச் சட்டையுமாக ஒருத்தன், தாழ்ப்பாளில் ஏன் துண்டு கட்டியிருக்கிறது என்று பணிவாகக் கேட்டான். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? நம் தெருவின் நாகரிகம், பரந்த மனசு, துண்டின் மகிமை என்று முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்து, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். சமீனாவிடம் அவன் அங்க அடையாளத்தைச் சொன்னேன். பதினாலுதான், ரெண்டு பேரு தங்கினாங்க, ரெண்டு துண்டு குறையுது என்றாள். நோட்டைத் திறந்து ஆதார் நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள். நீலச் சட்டைதான். துண்டு வாங்கும்போது அடையாளம் தைத்து, ரூம் கொடுக்கும்போது நகல் வாங்கி, ஒரு முழத் துணியை அவள் காத்த காவலில் நூற்றில் ஒரு பங்கு நான் அத்தனை பெரிய வண்டிக்குக் காக்கவில்லை.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், சமீனாவும் நகலோடு கூட வந்தாள், துண்டை மட்டும் என் கையில் தர மறுத்துவிட்டாள். மறுநாள் இசக்கிமணி டிராக்டரோடு வந்தான். திட்டுவான் என்று நான் பதில்கள் தயாராக வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் மணியானது. அவன் வெறும் களத்தைப் பார்த்தான், வேம்படியில் சுருட்டி வைத்த சங்கிலியைப் பார்த்தான், உள்ளே போய்ப் பையில் சட்டையை எடுத்து வைத்தான். நான்கு சட்டை. நான் எண்ணினேன். சித்தி சோறு போட்டாள், சாப்பிட்டான், திருப்பூருக்குப் பதினெட்டாம் தேதி பஸ் என்று மட்டும் சொன்னான். எனக்கு அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை, அதிலிருந்து நிலைமையைத் தெரிந்துகொள்.

பதினான்காம் தேதி ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஆதார் விலாசத்தை வைத்துத் தேடியதில் ராயகிரிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மூன்று டிரெய்லர் நிற்கிறது, நீலச் சட்டையும் கூட்டாளியும் அகப்பட்டார்கள், ஆனால் மூன்றுக்கும் ஒரே நீலப் பெயின்ட், நம்பர் எல்லாம் அரத்தால் ராவி எடுத்தாயிற்று, எது உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும், உங்களைப் போல இன்னும் நான்கு பேர் இதே மூன்றுக்கு வந்து நிற்கிறார்கள் என்றார்கள். நீ முன்பே போனில் தலைதலையாக அடித்துக்கொண்டாய், வண்டியில் ரகசிய அடையாளம் ஏதாவது வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான், நம் வண்டியை மூவுலகமும் அறியும் என்று சொன்னேன். இப்போது மூவுலகத்தையும் அழைத்துப் போக வேண்டியதாயிற்று. மசூது, அருமைநாயகம், சித்தி, நான், இசக்கிமணி ஒரு வேனில் போனோம். இன்ஸ்பெக்டர் சலித்துப்போய் நின்றார். அங்கேதான் ஆச்சரியம். மசூது நடுவில் நின்ற வண்டியில் ஏறி, தளத்துப் பெயின்டைச் சாவியால் சுரண்டி, சார், இங்கன மூணு வட்டம் கருகியிருக்கும் பாருங்க, என் மவ கல்யாணத்துக்குப் பிரியாணி அண்டாவச் சூட்டோட ஏத்தினேன் என்றான். மூன்று வட்டம் இருந்தது. ஏழு வருசமாக அந்தக் கருகல் யார் செய்தது என்று கேட்டால், வெயிலு அண்ணாச்சி, வெயிலு என்று சொன்னவன் இவன். உடனே அருமைநாயகத்துக்கும் வேகம் வந்துவிட்டது. பின் கதவுக் கொக்கி ஒரு பக்கம் குட்டை, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனைத்தடி ஏற்றும்போது நான்தான் ஒடித்தேன், நானே ரகசியமாக வேறு மாட்டினேன் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெறுகிற உற்சாகம். பக்கத்து ஊர்க்காரர்கள் நான்கு பேரும், வேய், உங்க ஊருல வண்டி ஓட்டுதீரா, வதைக்கீரா என்று கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார், ஆனால் இது போதாது என்றார். கருகல் எந்த வண்டியிலும் இருக்கும், கொக்கி எவனும் மாற்றுவான், உங்களைத் தவிர வேறு ஆளுக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்று சொல்லுங்கள் என்றார். பிறகு இடது பக்கக் கதவின் வளைசலைத் தடவி, இது எப்படி என்று கேட்டார். அந்த வளைசல் பிரசித்தம் அல்லவா. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது முத்துசெல்வி டிராக்டர் ஓட்டப் பழகிக் கிணற்றுச் சுவரில் மோதியது என்று சரித்திரம். இசக்கிமணியே வாயைத் திறந்து, எங்க அக்கா சார், என்று ஆரம்பித்தான். அவன் கையில் அந்தத் திருப்பூர் டிக்கெட் மடித்தபடி இருந்தது. நான் முன்னால் போனேன். இல்ல சார், நான் என்றேன்.

இனி நான் எழுதுவதை நிதானமாக வாசி. அன்றைக்குக் காலையில் நீ ஓட்டினாய், பத்திரமாக நிறுத்தினாய், ஒரு கீறல் இல்லை. மத்தியானம் நான் எடுத்தேன். ஒற்றைக் கையால் பின்னுக்கு எடுத்துக் காட்டுகிறேன் என்று அருமைநாயகத்திடம் பந்தயம் கட்டி, அவர் வந்து சேருவதற்குள் ஒத்திகை பார்த்தேன். கதவு சுவரில் பட்டு வளைந்தது, கீல் கம்பி ஒடிந்தது. என் சைக்கிளின் பின் சக்கர அச்சை உருவிக் கீலில் தட்டி இறக்கினேன், அதற்குப் பிறகு நான் எங்கும் நடந்தே போனதற்கு மூட்டுக்கு நல்லது என்று காரணம் சொன்னேன். சாயங்காலம் உன் அப்பா வந்து யார் என்று கேட்டார். காலையில் பிள்ளை ஓட்டிச்சு என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை பார், அவ்வளவு சாமர்த்தியம். நீ இல்லை என்று சொன்னாய், இரண்டு தரம் சொன்னாய். நான் கதையை நன்றாகச் சொல்லியிருந்தேன், ஆகவே யாரும் உன்னை நம்பவில்லை. உன் அப்பா உன்னை அடிக்கவில்லை, இனி சாவியைத் தொடாதே என்று மட்டும் சொன்னார், நீயும் அதற்குப் பிறகு தொடவே இல்லை. அண்ணன் போய் எட்டு வருசமாகிறது, அவருக்கு நான் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் கீலைக் கழற்றச் சொன்னேன். பெயின்டைச் சுரண்டித் தட்டினார்கள், கம்பி வெளியே வந்தது, இரண்டு முனையிலும் மரை போட்ட சைக்கிள் அச்சு. இன்ஸ்பெக்டர் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, பெரியவரே, வண்டி உங்களுதுதான் என்றார். இசக்கிமணி என் பக்கம் திரும்பினான். அப்புறம், அக்கா உண்மையத்தான் சொன்னாளா சித்தப்பா என்று கேட்டான். ஆமால என்றேன். சித்தி வேனில் ஏறும் வரை ஒன்றும் சொல்லவில்லை. ஏறியபின் ராயகிரியிலிருந்து வீடு வரைக்கும் சொன்னாள்.

கோர்ட்டில் எழுதிக் கொடுத்துப் பதினேழாம் தேதி வண்டி களத்துக்கு வந்தது. பதினெட்டு காலையில் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டிருக்க, நம் நீல டிரெய்லர் முதல் லோடுக்குப் போயிற்று. திருப்பூர் டிக்கெட்டைச் சித்தி அடுப்பில் போட்டாள், நான்கு சட்டையும் கொடிக்கு வந்தன, இரண்டு இன்னும் ஈரம். இசக்கிமணி வண்டியின் அடியில் நான்கு இடத்தில் நம் நம்பரை வெல்டிங்கில் எழுதிவிட்டான், எங்கெங்கே என்று எனக்குச் சொல்ல மாட்டானாம், சொன்னால் நான் யாருக்காவது பிரசங்கம் செய்வேனாம். சங்கிலிப் பூட்டின் சாவி சித்தியின் முந்தியில். மசூதும் அருமைநாயகமும் இப்போது துண்டைக் கட்டுவதில்லை, சித்தியிடம் கையில் கொடுக்கிறார்கள், அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாவி தருகிறாள். துண்டுகளின் மூலையில் சிவப்பு நூலில் அவர்கள் பெயரும் தைத்தாயிற்று, தைத்துக் கொடுத்தது சமீனா. இரண்டாவது துண்டும் அந்தத் தோப்பில் அகப்பட்டதில் அவளுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம்.

இடது கதவை நிமிர்த்திவிடலாமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம், முத்துசெல்வி வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தைக்கு நீ வரும்போது டிராக்டர் சாவி உன் கையில் இருக்கும், இது இசக்கிமணியின் உத்தரவு, கிணற்றுச் சுவர் ஓரமாக நான் நிற்பேன், நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மோது. நீ அனுப்பிய பூட்டின் இரண்டாம் சாவி உன்னிடம் இருந்தால் மறவாமல் தபாலில் போடு, முதல் சாவி அலமாரிக்குள்ளேயே முறுக்கு டப்பாவில் இருக்கிறது, சித்தி இன்னும் அலமாரி பக்கம் போகவில்லை. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், சொன்ன சொல்லை நாலு பேர் நம்பும்படி, நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடது கதவை வளைத்தவனாகிய
உன் சித்தப்பா,
குத்தாலிங்கம்.